எம்.டி.எஃப். பலகையில் வழுவழு பெயின்ட்: சாரல் ஊர்ப் பட்டறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

செங்கோட்டையில் எங்கள் பட்டறைக்கு வேலை குவிவது ஆடியில்தான். ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அதே மாதத்துக்குக் கர்க்கடகம் என்று பெயர்; அங்கேயும் நல்ல காரியம் நடக்காது. ஆவணி பிறந்தால் இங்கே பால் காய்ப்பு, ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கம் பாலுகாச்சு, கூடவே ஓணம். அதனால் இரண்டு பக்கத்துச் சமையலறைக் கதவுகளும் ஆடிக்குள் பெயின்ட் அடித்து முடிந்தாக வேண்டும். ஆடி என்றால் சாரல். கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், காயப்போட்ட வேட்டி மூன்று நாளானாலும் நமுத்துக் கிடக்கும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்குப் பெயின்ட் அடிக்க இதைவிடக் கெட்ட மாதம் கிடையாது.

நான் தனியாக எடுத்த முதல் சமையலறை வேலை ஆரியங்காவு தாண்டி ஒரு வீட்டில். பதினாறு கதவுகள், வெள்ளை எனாமல். முகப்பு பளிச்சென்று வந்தது. வீட்டுக்காரம்மா கதவின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மோனே, இதென்ன தேங்காய் துருவின மாதிரி இருக்கு?" என்றார். ஓரத்தில் மூன்று கோட் அடித்திருந்தேன். மூன்றையும் குடித்துவிட்டுச் சொரசொரவென்று நின்றது. இரண்டு மாதத்தில் தொட்டிக்குக் கீழே இருந்த கதவின் அடி ஓரம் உப்பி, பெயின்ட் வெடித்தது. தப்பு முழுக்க என்னுடையது. பதினாறையும் கழற்றிக் கொண்டுவந்து முதலிலிருந்து செய்தேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாலிஷ்கார அண்ணாச்சி, அயினியிலும் தேக்கிலும் பலாவிலும் கை பழகியவர். எம்.டி.எஃப்.பைப் பலகை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். உப்பிய கதவைப் பார்த்துவிட்டு, "ஏலே, இது மரம் இல்ல, அவல். மேல இடிச்ச தோல் இருக்கு, தாங்கும். வெட்டுன பக்கம் தண்ணி பட்டா ஊறத்தான செய்யும்?" என்றார். கீழே வருவதெல்லாம் அந்த ஒரு பேச்சைப் புரிந்துகொண்டதிலிருந்து வந்தவை.

ஓரம் ஏன் குடிக்கிறது

மரத்தை நாராக அரைத்து, யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் கலந்து, சூட்டில் அழுத்தினால் எம்.டி.எஃப். அழுத்தும்போது சூடான தகட்டை ஒட்டிய இரண்டு மேல்பக்கமும் நன்றாக இறுகிவிடும். நடுப்பகுதி அந்த அளவு இறுகாது. முழுப் பலகையின் சராசரி அடர்த்தி கன மீட்டருக்கு 700 முதல் 800 கிலோ என்று இருந்தாலும், தோல் அதைவிடக் கெட்டி, நடு அதைவிட இளக்கம். ரம்பம் போட்டு அறுத்ததும் அந்த இளக்கமான நடு வெளியே தெரிகிறது. அங்கே நார் முனைகள் கூட்டமாக நிற்கும். பெயின்ட்டில் உள்ள திரவத்தை அவை உறிஞ்சும், ஈரம் பட்டால் நிமிரும், காய்ந்தால் நிமிர்ந்தபடியே நிற்கும். அதுதான் அந்தத் தேங்காய்த் துருவல்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்து உப்பிய எம்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. தேக்குக் கதவு மழையில் இறுகி வெயிலில் இளகும். இதற்கு அந்தக் குணம் இல்லை.

ஒரு கணக்கு: 2 அடிக்கு 2.5 அடி கதவு, 18 மி.மீ. கனம். முன்னும் பின்னும் சேர்த்து 10 சதுர அடி. நாலு ஓரமும் சேர்த்தால் அரைச் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். மொத்தப் பரப்பில் இருபதில் ஒரு பங்குதான். என் நேரத்தில் பாதி அந்த இருபதில் ஒரு பங்குக்குப் போகிறது. கூலி பேசும்போதும் இதைச் சொல்லியே பேசுங்கள்; சதுர அடிக் கணக்கில் பேசினால் உழைப்பெல்லாம் ஓரத்தோடு போய்விடும்.

பலகை வாங்கும்போது

இந்திய தர எண் ஐ.எஸ். 12406 அச்சடித்த பலகையாகப் பாருங்கள். 8க்கு 4 அடி, 18 மி.மீ. ஷீட் சுமார் 40 கிலோ இருக்க வேண்டும். ஒரே ஆள் சுலபமாகத் தூக்கிப்போனால் சந்தேகப்படுங்கள்: அடர்த்தி குறைவு, ஓரம் பொறபொறவென்று இருக்கும்.

சமையலறைக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் சாதா எம்.டி.எஃப். வேண்டாம். ஈரம் தாங்கும் வகையையோ, கடையில் எச்.டி.எச்.எம்.ஆர். என்று கேட்டால் தருகிற கனமான வகையையோ வாங்குங்கள். விலை கூடும்தான். ஆனால் அதன் ஓரம் பாதிதான் குடிக்கும். பிரைமரிலும் உப்புத்தாளிலும் மிச்சமாகும். பச்சை நிறம் இருந்தாலே ஈரம் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். பச்சை, அடையாளத்துக்குப் போடும் சாயம். ஈரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் பிசின். ஈரம் தாங்கும் வகை என்றாலும் தண்ணீரில் ஊறப்போட்டால் அதுவும் ஊறும்.

வாங்கிவந்த ஷீட்டைச் சுவரில் சாய்க்காதீர்கள், வளைந்துவிடும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் மூன்று நான்கு கட்டைகள் கொடுத்துப் படுக்கவைத்து, இரண்டு மூன்று நாள் பட்டறைக் காற்றுக்குப் பழகவிட்டு அறுங்கள்.

அறுப்பு, ஓட்டை, முனை

கார்பைடு பல் வைத்த, 60 பல்லுக்குக் குறையாத கூர்மையான பிளேடு. மழுங்கிய பிளேடு நாரைக் கிழிக்கும், ஓரம் கருகும். கருகிய இடத்தில் பிரைமர் சரியாகப் பிடிக்காது.

கீலுக்கான 35 மி.மீ. குழி, கைப்பிடி ஓட்டை எல்லாவற்றையும் பெயின்ட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஒருமுறை கீலை மாட்டிப் பார்த்துக் கழற்றிவையுங்கள். பெயின்ட்டுக்குப் பிறகு குழி போட்டால் ஓட்டையின் உள்சுவர் பூச்சில்லாமல் வெறுமையாகவே இருக்கும். ஈரம் பிற்பாடு அந்த வழியாகத்தான் நுழையும். ஓரத்தில் திருகு ஏற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டை போட்டே தீர வேண்டும், இல்லாவிட்டால் பலகை இரண்டு தோலாகப் பிளந்துகொள்ளும்.

அடுத்தது பலர் விட்டுவிடும் வேலை. கத்தி போன்ற கூர்முனையில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. காயும்போது முனையைவிட்டு இரண்டு பக்கமும் விலகி, முனையில் மெல்லிய படலம் மட்டும் இருக்கும். நாள்பட அங்கேதான் முதலில் உரியும். ரூட்டர் இருந்தால் 2 அல்லது 3 மி.மீ. ஆரத்தில் முனையை உருட்டுங்கள். இல்லாவிட்டால் மரக்கட்டையில் 120 நம்பர் உப்புத்தாள் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்) சுற்றி, நாலைந்து இழுப்பு. கண்ணுக்குச் சதுரமாகவே தெரியும், விரலுக்கு உறுத்தாது. அந்த அளவு போதும்.

தூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எம்.டி.எஃப். தூள் மாவு மாதிரி, காற்றில் வெகுநேரம் மிதக்கும். மரத்தூசியையும் ஃபார்மால்டிஹைடையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மூக்கில் கட்டிய துண்டு இதற்கு உதவாது. என்-95 முகக்கவசம் போடுங்கள். முடிந்தால் மெஷினோடு தூசி உறிஞ்சியைச் சேருங்கள், இல்லையென்றால் வாசலில் வைத்துத் தேயுங்கள்.

ஓரத்தை அடைப்பது

முதலில் ஓரத்தைத் தேய்க்க வேண்டும்: 120, பிறகு 180, பிறகு 220. ரம்பக் கோடு கண்ணுக்குத் தெரியாத வரை 120ஐ விடக்கூடாது. நிறையப் பேர் 120இல் சோம்பல்பட்டு 220க்குத் தாவுவார்கள். 220 அந்தக் கோடுகளைப் பளபளப்பாக்கும், எடுக்காது. வெறும் கையால் தேய்த்தால் ஓரம் அலை அலையாகப் போகும். கட்டை வைத்தே தேயுங்கள். முகப்பை மட்டும் 220 அல்லது 240ஆல் லேசாக ஒரு தடவை தொட்டால் போதும். அங்கே அழுத்தித் தேய்த்தால் கெட்டித் தோல் போய் உள்நார் வெளியே வரும். பிறகு முகப்பும் ஓரமாகிவிடும்.

அடைப்பதற்கு எங்கள் பக்கத்தில் நாலைந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

மலிவானது ஃபெவிகால். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஓரத்தில் தேய்த்து, ஓர் இரவு காயவிட்டு, 220ஆல் தேய்த்து, இன்னொரு தடவை. தண்ணீர் இருப்பதால் முதல் கோட்டில் நார் எழும்பும். எழும்பட்டும், அதைப் பசையோடு சேர்த்துத் தேய்த்து எடுக்கத்தான் இரண்டாவது கோட். வீட்டுக்குள்ளே காய்ந்த இடத்தில் இருக்கும் புத்தக அலமாரி, பூஜை அலமாரிக்கு இது போதும். சமையலறைக்கு வேண்டாம். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரத்தில் இளகும். அரைகுறையாகக் காய்ந்திருந்தால் உப்புத்தாளில் ரப்பர் மாதிரி உருண்டு ஒட்டும்.

பழைய வழி அரக்கு. ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளிலிருந்து வரும் அதே செதில் அரக்குதான். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 250 கிராம் போட்டு, ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஓரத்தில் இரண்டு மூன்று கோட். ஸ்பிரிட்டில் கரைவதால் நார் எழும்புவது குறைவு. அரைமணியில் காயும், தேய்த்தால் வெள்ளைப் பொடியாக உதிரும். தேய்க்க இவ்வளவு சுகமான பொருள் வேறில்லை. இரண்டு எச்சரிக்கை உண்டு. செதிலில் மெழுகு இருக்கும். மேலே பி.யூ. (பாலியூரிதேன் பெயின்ட்) அடிப்பதாக இருந்தால் அந்த மெழுகு பிடிமானத்தைக் கெடுக்கும். கண்ணாடிப் பாட்டிலில் சில நாள் அசையாமல் வைத்தால் மெழுகு கலங்கலாக அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுங்கள். இன்னொன்று, சாரல் நாளில் அரக்கு வெளுக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்துவிடுவதால் வருவது அது.

மூன்றாவது டர்பன்டைனில் கரையும் சாதா மர பிரைமர். ஓரத்துக்கு மட்டும் முதல் கோட்டை டர்பன்டைன் சேர்த்துக் கொஞ்சம் இளக்கி, உள்ளே இறங்கும்படி அடித்து, காய்ந்ததும் தேய்த்து, இரண்டாவதைக் கெட்டியாக அடிப்பது. நன்றாகவே வேலை செய்யும், பொறுமைதான் வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முழுநாள், ஆடியில் ஒன்றரை நாள்.

இப்போது சமையலறைக்கு நான் செய்வது இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. சீலர். ஓரத்துக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒரு கோட். முதல் கோட் அப்படியே மறைந்துபோகும், பயப்பட வேண்டாம். இரண்டு மணி நேரம் விட்டு இன்னொரு கோட். மறுநாள் 240ஆல் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மங்கலாகத் தெரியும் இடத்தில் மூன்றாவது. நாலு ஓரமும் ஒரே மாதிரி லேசாக மினுங்கினால் அடைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு திட்டு மங்கினாலும் அது இன்னும் குடிக்கிறது. எந்த வழியில் அடைத்தாலும் நான் நம்புவது இந்த மினுக்கத்தைத்தான், கோட் எண்ணிக்கையை அல்ல.

பி.யூ.வில் கலவை விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டின்னில் எழுதியதை அளவுக் கப்பில் அளந்து ஊற்றுங்கள், கைக்கணக்கு கூடாது. இரண்டாவது பாகமான ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. பிரஷ்ஷில் அடித்தால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். தெளிப்பதாக இருந்தால் ரசாயன வடிகட்டி மாட்டிய முகமூடி கட்டாயம். தூசிக் கவசம் ஆவியைத் தடுக்காது.

சுவருக்குப் பார்க்கும் பட்டியை இதில் பார்க்காதீர்கள். வீட்டில் சுவர் வேலை மிச்சமான வெள்ளை சிமென்ட் பட்டியைக் குழைத்து ஓரத்தில் இழுப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அழகாக இருக்கும். கதவு நாலு தடவை படாரென்று அடைபட்டால் ஓரம் சில்லுச் சில்லாக விழும். தண்ணீரில் குழைத்த பட்டி, காய்கிற வரை நாருக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டே இருக்கும் என்பது தனிக் கோளாறு. கதவுக்கு அதற்கென்றே உள்ள என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி, பி.யூ. ஃபில்லர், அல்லது கார் டிங்கரிங் கடைகளில் கிடைக்கும் இரண்டு பாகப் பேஸ்ட், இவற்றில் ஒன்று.

ரூட்டரில் பூ, கோடு, சட்டம் போன்ற டிசைன் வெட்டியிருந்தால் பள்ளத்தின் அடியும் சரிவும் ஓரம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான பெயின்ட்டில் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தச் சரிவு. அங்கே கட்டை நுழையாது. பள்ளத்தின் வடிவத்துக்கு ஒரு பென்சிலையோ பழைய ரப்பர்க் குழாய்த் துண்டையோ எடுத்து உப்புத்தாள் சுற்றித் தேய்ப்பேன். சீலர் ஒரு கோட் கூடுதல். டிசைனில் உள்மூலை கூர்மையாக இருந்தால் வாடிக்கையாளரிடம் முன்பே பேசிக் கொஞ்சம் உருட்டிய டிசைனுக்கு மாற்றிவிடுவது நல்லது. உங்கள் விரல் நகம் மிஞ்சும்.

பிரைமரும் பட்டியும்

ஓரம் அடைந்த பிறகுதான் கதவு முழுவதற்கும் பிரைமர். பி.யூ. முடிப்பு என்றால் பி.யூ. பிரைமர் அல்லது சர்ஃபேசர் (தேய்த்துச் சமமாக்குகிற கெட்டிப் பிரைமர்), எனாமல் என்றால் மர பிரைமர். தண்ணீரில் கரையும் பிரைமர் வாசனை இல்லாதது, வீட்டுக்குள் வைத்து அடிக்க வசதி. ஆனால் அடைக்காத எம்.டி.எஃப்.பில் அதை நேராக அடித்தால் முகப்பிலும் லேசாக நார் எழும்பும்.

முன்பக்கம் எத்தனை கோட்டோ பின்பக்கமும் அத்தனை. உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கோட்டோடு விட்டால், அடைபடாத பக்கம் காற்றின் ஈரத்தை எடுத்து விரியும், முன்பக்கம் விரியாது, கதவு வளையும். உயரமான அலமாரிக் கதவு வளைந்தால் எந்தக் கீலைத் திருகியும் நேராக்க முடியாது.

முதல் பிரைமர் காய்ந்ததும் 240 அல்லது 320ஆல் தேயுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பலகைக்குப் பக்கவாட்டில், படுத்த மாதிரிப் பிடியுங்கள். பகலில் தெரியாத பள்ளமும் கீறலும் நிழல் போட்டு நிற்கும். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு, அங்கே மட்டும் பட்டி பாருங்கள். பட்டியை மேடாக அப்பாதீர்கள். பிளேடை அழுத்தி இழுத்து, பள்ளத்தில் தங்குவது மட்டும் தங்கட்டும். ஆழமான குழிக்கு மெல்லிசாக இரண்டு தடவை. ஒரே தடவையில் நிரப்பினால் காய்ந்து நடுவில் அமுங்கும்.

கார் பெயின்டரிடம் கற்ற தந்திரம் ஒன்று. இரண்டாவது பிரைமர் காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரே டப்பாவைத் தூரத்திலிருந்து பனி தூவுவதுபோல் ஒரே ஒரு வீச்சு. பென்சில் கரியைத் தூளாக்கிப் பஞ்சால் தடவினாலும் சரி. பிறகு கட்டை வைத்து 320ஆல் தேய்த்தால் மேடு வெள்ளையாகும், பள்ளத்தில் கறுப்பு மிச்சம் நிற்கும். கறுப்பு முழுக்கப் போகிற வரை தேய்த்தால் பலகை சமம். தேய்க்கத் தேய்க்கப் பழுப்பு நிறம் எட்டிப் பார்த்தால் பிரைமர் போதவில்லை என்று பொருள். நிறுத்திவிட்டு இன்னொரு கோட் அடியுங்கள். கடைசிப் பிரைமரை 400ஆல் முடித்தால் மேல்பூச்சுக்குத் தயார்.

இந்தக் கட்டத்தில் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கும் ஆசை வரும். இரும்புக் கதவுக்குச் செய்வதை இதற்குச் செய்யாதீர்கள். பிரைமர் தேய்ந்த ஒரு முனை போதும், தண்ணீர் உள்ளே போக.

சாரலில் என்ன செய்வது

பெரும்பாலான பெயின்ட் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் ஒழுங்காகக் காயாது. ஆடியில் எங்கள் பட்டறையில் காலை ஏழு மணிக்கு மீட்டர் அதைத் தாண்டித்தான் நிற்கும். ஈரமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி மாட்டுங்கள். வானத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட நம்பகமானது.

என்.சி. வகைகள் இந்த ஈரத்தில் பால் தெளித்த மாதிரி வெளுக்கும். தின்னரோடு கொஞ்சம் ரிட்டார்டர் கலந்தால் காய்வது மெதுவாகி வெளுப்பு குறையும். பி.யூ. ஹார்டனருக்குத் தண்ணீரே எதிரி. ஈரக்காற்றில் கெட்டியாக அடித்தால் நுண்ணிய குமிழி வரும். மெல்லிய கோட்டாக அடியுங்கள், ஹார்டனர் டப்பாவைத் திறந்த உடனே மூடுங்கள். எனாமல் வெளுக்காது, ஆனால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும், அதற்குள் தூசியும் கொசுவும் உட்காரும்.

நாங்கள் செய்வது இது. பெயின்ட் அடிக்கும் அறையைத் தனியாகத் தார்ப்பாய் போட்டு மூடி, அதில் பழைய ஹாலஜன் விளக்கு இரண்டை முந்தின இரவே எரியவிடுவோம். தின்னர் டப்பாவைத் திறக்கும்முன் அவற்றை அணைத்து வெளியே எடுத்துவிட வேண்டும், ஆவிக்கும் சூட்டுக்கும் ஆகாது. பதினொரு மணிக்கு முன்னால் அடிப்பதில்லை, நாலு மணிக்குப் பிறகு தொடங்குவதில்லை. பலகையைத் தொட்டால் சில்லென்று இருந்தால் அன்றைக்குத் தேய்ப்பு வேலை மட்டும். காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடப் பலகை 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையில் பொது விதி. கையில் சில்லிடுவது அதற்கான நாட்டு அளவுகோல். அண்ணாச்சி பலகையில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார்.

வாடிக்கையாளரிடம் ஆடி வேலைக்கு எப்போதும் பத்து நாள் கூட்டியே தேதி சொல்லுகிறேன். திட்டு வாங்கினாலும் வாங்குவது முதல் நாளோடு போகும்.

மேல்பூச்சு

எனாமலா, பி.யூ.வா? தெளிப்பான் இல்லாமல் வீட்டிலேயே செய்பவருக்கு எனாமல் நல்லது: மெதுவாகக் காய்வதால் ரோலர் தடம் தானே சமமாகும். ஆனால் எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும். கதவின் உள்பக்கம் ஒரு வருஷத்தில் பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளையோ வெளிர் சாம்பலோ கேட்டால் பி.யூ. அல்லது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமல். அடர் நிறத்துக்கு எதுவும் சரி. அதிகப் பளபளப்பு, குறையை அதிகம் காட்டும். முதன்முதலாகச் செய்பவர் சாட்டின் எனப்படும் அரைப் பளபளப்பு வாங்குவது புத்திசாலித்தனம்.

அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்துவது பழைய வழக்கம். சாரலில் அதைச் செய்யாதீர்கள், இருக்கிற ஈரம் போதும். முந்தின நாளே கூட்டி வையுங்கள். பலகையை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் உலரவிடுங்கள். பெயின்ட்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். புது டின்னில்கூடக் கட்டி இருக்கும்.

ரோலர் என்றால் நாலு இஞ்ச், மெல்லிய ஃபோம். சுவருக்கு அடிக்கும் முடி ரோலர் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி விடும். ஓரத்தை முதலில் அடித்து, முகப்பில் வழிந்ததை உடனே துடைத்து, பிறகு முகப்பு. குறுக்கே பரப்பி, நீளவாக்கில் அழுத்தம் இல்லாமல் ஒரே இழுப்பில் முடியுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு புள்ளியைச் சரிசெய்யப் போனால் ஒரு சாணுக்குக் கெடும். அப்படியே விடுங்கள், காய்ந்த பின் உப்புத்தாள் இருக்கிறது. இரண்டு கோட்டுக்கு நடுவில் 400, கடைசிக்கு முன் 600.

தெளிப்பானில் சர்ஃபேசருக்கு 1.8 மி.மீ. முனை, மேல்பூச்சுக்கு 1.4. பலகைக்கும் துப்பாக்கிக்கும் ஒரு சாண் இடைவெளி, கை வில்லாக வளையாமல் நேர்க்கோட்டில் போக வேண்டும், ஒவ்வொரு வீச்சும் முந்தினதைப் பாதி மூட வேண்டும். பலகைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். கதவைப் படுக்கவைத்து அடித்தால் வழியாது. அடியில் நாலு மூலையிலும் ஆணி முனை தெரியும் கட்டை வைத்தால், பின்பக்கம் காய்ந்ததும் திருப்பிப்போட்டு முன்பக்கம் அடிக்கலாம். பின்னால் நாலு புள்ளித் தடம்தான் விழும். எந்தப் பக்கத்தை முதலில் அடிப்பது என்று கேட்பார்கள்: எப்போதும் பின்பக்கத்தை.

கீல் குழியின் உள்ளேயும் திருகு ஓட்டையின் உள்ளேயும் சின்ன பிரஷ்ஷால் சீலரைத் தொட்டு வைக்க மறக்காதீர்கள். தொட்டிக்குக் கீழ்க் கதவானால் அடி ஓரத்துக்கு இன்னொரு கோட். வீடு துடைக்கும்போது தண்ணீர் தெறிப்பதும், நின்று சொட்டுவதும் அங்கேதான்.

காய்ந்தது வேறு, இறுகியது வேறு

எனாமல் மறுநாள் தொட்டால் ஒட்டாது. நகத்தால் அழுத்தினால் தடம் விழும். முழுக்க இறுக ஒரு வாரம், சாரலில் அதற்கும் மேல். இதற்குள் கதவுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வண்டியில் ஏற்றினால், மலையேறி இறங்குவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நடுவில் செய்தித்தாள் வைத்தால் அதன் எழுத்து கதவில் பதியும்; புளியரை வளைவுகளில் குலுங்கி அது எனக்கு நேர்ந்திருக்கிறது, ஒரு வெள்ளைக் கதவில் தங்கம் விலை தலைகீழாக அச்சாகி இருந்தது. இப்போது வெள்ளை ஃபோம் ஷீட் வைத்து, கதவுகளை நிற்கவைத்துக் கட்டுகிறோம்.

பிற்பாடு ஓரம் உப்பினால்

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிறுத்துங்கள். கதவைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரமாவது காயவிடுங்கள். உப்பியது தானே அமுங்காது. வெடித்த பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பஞ்சுபோல் நிற்கும் நாரில் ஃபெவிகுவிக் போன்ற நீர்த்த உடனடிப் பசையைச் சொட்டுச் சொட்டாக ஊறவிடுங்கள். கண் எரியும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கல்லாக இறுகியதும் 120ஆல் பழைய கனத்துக்குத் தேய்த்து, இரண்டு பாகப் பேஸ்ட்டால் மட்டம் செய்து, சீலர், பிரைமர், பெயின்ட் என்று முன்சொன்ன வரிசைதான். இரண்டு மூன்று இஞ்ச் வரை இப்படித் தேற்றலாம். அடி ஓரம் முழுக்க உப்பி, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் அந்த ஒரு கதவை மட்டும் புதிதாக அறுத்துவிடுவது செலவு குறைவு. நிறக் கலவை எண் எழுதிய டின் மூடியை வீட்டுக்காரரிடமே கொடுத்து வைத்திருந்தால், புதுக் கதவு பழையவற்றோடு நிறம் சேரும்.